யாரை மாணவர் என்பது?

ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் கி.பி. 866இல் ஒரு கோயிலைக் கட்டி, கூடவே ஒரு சாலையையும் நிறுவினான். சாலை என்றால் இங்கே தெரு அல்ல. உண்டு உறைந்து படிக்கும் இடம். அதில் 95 பேருக்கு இடம். எந்த வேதப் பிரிவைச் சேர்ந்தவருக்கு எத்தனை இடம் என்று 45, 36, 14 எனப் பிரித்துச் சொல்லும் செப்பேடு, படிக்க வந்தவர்களைச் ‘சட்டர்’ என்று அழைக்கிறது. அடுத்து விதிகள் வருகின்றன. இலக்கணமும் மீமாம்சையும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் ஏசினால் தண்டம். கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. பணிப்பெண்களை உடன் வைத்துக்கொள்ளக் கூடாது. செம்பில் வெட்டிவைக்கும் அளவுக்கு ஒரு விதி தேவைப்பட்டதென்றால் அதை மீறியவர்களும் இருந்திருப்பார்கள். விடுதிக் காப்பாளரின் தலைவலி நேற்று வந்ததல்ல.

யாரை உள்ளே விடுவது, எத்தனை பேரை விடுவது, யார் சோறு போடுவது, எப்படி அடக்கி வைப்பது: மாணவரைப் பற்றி அரசுகளும் அறக்கட்டளைகளும் இன்றுவரை கேட்டுவரும் கேள்விகள் எல்லாம் அந்தச் செப்பேட்டிலேயே இருக்கின்றன. உள்ளே வந்தவர் என்ன செய்தால் மாணவர் ஆவார் என்பது மட்டும் இல்லை. அதைக் கேட்டவர்கள் இலக்கணக்காரர்களும் திண்ணைப் பள்ளி வாத்தியார்களும்தான். தமிழில் மாணவரைக் குறிக்க இருக்கும் சொற்களைத் தொகுத்துப் பார்த்தால் இந்த இரண்டு வகைக் கேள்வியும் மாறி மாறித் தலைகாட்டுகின்றன. முதல் வகைக்கு நாம் சொல்லியிருக்கும் பதில்கள், குறிப்பாகக் கடந்த நூறாண்டில், பெருமைப்படத் தக்கவை. இரண்டாம் வகையில், கையில் இருந்ததையும் தொலைத்திருக்கிறோம் என்பது என் கருத்து.

சொற்களில் மூத்தவற்றுள் ஒன்று ‘மாணி’. பூணூல் போட்டு, மணமாகாமல், குருவிடம் இருக்கும் பையன். மாவலியிடம் மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனை ஆழ்வார்கள் மாணி என்பது இந்தப் பொருளில்தான். மாணவர் என்ற சொல்லைச் சிறுவன் எனப் பொருள்படும் வடமொழிச் சொல்லோடு சேர்ப்பவர்கள் உண்டு; ‘மாண்’ என்ற தமிழ் வேரிலிருந்து பிரித்துக் காட்டுபவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் இறங்கப்போவதில்லை. வேர் எதுவானாலும் சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தச் சொற்களைச் சுற்றி நெல் அளக்கப்பட்டிருக்கிறது. அது இன்னும் சுவையான செய்தி.

முதலாம் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் வெட்டப்பட்ட கல்வெட்டில் 270 இளநிலை மாணவர், 70 மேல்நிலை மாணவர், 14 ஆசிரியர், இவர்களுக்காக 45 வேலி நிலம். இளையவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்படிப்புக்காரருக்கு அதைவிடக் கூடுதல். வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. அங்கே 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையும் இருந்தது. மாணவர்கள் படுக்கப் பாய்க்கும், இரவு விளக்குக்கும், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய்க்கும் தனித்தனியே ஒதுக்கீடு உண்டு. பையன்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று பதினோராம் நூற்றாண்டில் யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணெய் யார் தலைக்கு என்பதையும் மறக்கக் கூடாது. இவை வேதக் கல்லூரிகள். நெல் விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே பாய் விரிக்கப்படவில்லை.

அதற்கு முன்பே வேறொரு வாசல் திறந்திருந்தது. சமணப் பள்ளிகளின் கல்வெட்டுகளில் ‘மாணாக்கர்’ என்ற சொல்லும், அதற்கு இணையாக ‘மாணாக்கியார்’ என்ற சொல்லும் வருகின்றன. முதலாம் ஆதித்த சோழன் காலத்து வேடல் கல்வெட்டில் கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவி, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியார் எனக் குறிக்கப்படுகிறார். அவருக்குக் கீழே 500 பேர் பயின்றார்கள். அவர்களுக்கும் மற்றொரு பிரிவினருக்கும் பிணக்கு வந்து, ஊரார் தலையிட்டு, இவர்களைக் காப்பதும் உணவளிப்பதும் தங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கழுகுமலைப் பாறையிலும் குரத்தியர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பெண் மாணவர் என்பது மிஷன் பள்ளிகளோடு வந்த கருத்து என்று நினைப்பவர்கள் ஒருமுறை கழுகுமலைக்குப் போய்வரலாம்.

நன்னூலுக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் எழுதியது. எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் பாயிரத்திலேயே ஆசிரியர் யார், பாடம் சொல்வது எப்படி, மாணாக்கர் யார், பாடம் கேட்பது எப்படி என்று நான்கையும் வரையறுத்துவிடுகிறார். மாணாக்கருக்கு அவர் தரும் தரவரிசை பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம்: உழைத்த அளவுக்கு விளையும் நிலம் ஒன்று, சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்வது மற்றொன்று. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைசித் தரம். ஆடு எந்தச் செடியிலும் வயிறு நிறைய மேயாமல் வாய் வைத்துக்கொண்டே போகும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் குடிக்கும். நெய்யரி நல்லதைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வரிசையைச் சொல்லிப் பையன்களைத் திட்டாத தமிழாசிரியர் குறைவு. மனப்பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் கிளி, பவணந்தியாரின் கணக்கில் முதல் தரத்தில் இல்லை என்பதை மட்டும் பல ஆசிரியர்கள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

யாருக்குப் பாடம் சொல்லலாம் என்ற பட்டியலும் உண்டு. தன் மகன், தன் ஆசிரியரின் மகன், அரசன் மகன், பொருளை அள்ளிக் கொடுப்பவன், பணிந்து நடப்பவன், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்பவன். ஆறு பேரில் அறிவுக்காக இடம் பெறுபவன் கடைசி ஒருவன்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இவ்வளவு பழைய சான்று கிடைக்குமென்று சுயநிதிக் கல்லூரிக்காரர்களுக்கே தெரிந்திருக்காது. யாருக்குச் சொல்லக்கூடாது என்ற பட்டியல் நீளமானது: குடிகாரன், சோம்பேறி, திருடன், நோயாளி, கோபக்காரன், தூங்குமூஞ்சி என்று போகிறது. அதில் ‘ஏழை’யும் உண்டு. உரைகாரர்கள் அதற்கு அறிவில்லாதவன் என்று பொருள் சொல்கிறார்கள். பொருள் கொடுப்பவனைத் தனியே வரவேற்றிருக்கும் நூலில் அந்த விளக்கம் பாதி ஆறுதல்தான்.

இதோடு நின்றிருந்தால் நன்னூலைச் சேர்க்கை விதிமுறை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் பாடம் கேட்கும் முறையைப் பற்றி அவர் போடும் கணக்கு வேறு மாதிரியானது. ஆசிரியர் சொன்னதை முழுக்கப் பிடித்துக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குப் புலமைதான். உடன் படிப்பவர்களோடு பேசிப் பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்குப் பாடம் சொல்லும்போதுதான் வந்து சேர்கிறது. இதன்படி, கேட்பதோடு நிறுத்திக்கொள்பவர் எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கால் மாணவர்தான். மாணவர் என்ற நிலைக்கு இதைவிடக் கறாரான வரையறையை நான் எங்கும் பார்த்ததில்லை.

இது ஏட்டில் மட்டும் இருந்த கணக்கல்ல. திண்ணைப் பள்ளியில் இதற்கு ஆள் இருந்தார்: சட்டாம்பிள்ளை. செப்பேட்டுச் ‘சட்டர்’ என்ற சொல்லோடு இவருக்கு உறவு இருக்கலாம் என்று கருத இடமுண்டு. கேரளத்தின் சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் அமைந்ததும் ஆசான் பள்ளியில் அவர் பார்த்த இந்த வேலையால்தான். வாத்தியார் ஒருவர், பிள்ளைகளோ முப்பது நாற்பது. ஒருவன் மணலில் ‘அ’ எழுதுவான், ஒருவன் எண்சுவடி சொல்வான், ஒருவன் நிகண்டு. எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற ஏற்பாடே கிடையாது. மூத்தவன் இளையவனின் விரலைப் பிடித்து மணலில் இழுப்பான். அவனுக்கு மூத்தவன் இவன் ஒப்பிப்பதைக் கேட்பான். பிரம்பும் பெரும்பாலும் சட்டாம்பிள்ளை கையில்தான். அவர்களின் கொடுமையைப் பற்றிக் கதைகள் நிறைய உண்டு; அவை பொய்யல்ல.

1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், பிள்ளைகள் இப்படி மணலில் எழுதிக் கற்பதை ஒரு பள்ளியில் பார்த்தார். தன் ஆசிரியர்கள் மணலில் எழுதக் கற்றுத்தர மறுத்தபோது, எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பலன் கிடைத்தது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்ற அது பிரிட்டனில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றுக்கு அடிப்படையானது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் காலேஜ் என்றே பெயர். நம் ஊரிலோ சட்டாம்பிள்ளை, வாத்தியார் இல்லாத நேரத்தில் பேசுபவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வகுப்புத் தலைவராகச் சுருங்கிவிட்டார். கற்பிக்கும் வேலை போய், காட்டிக்கொடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியது.

பாடம் கேட்பது என்ற தொடருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முழு உதாரணம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வட்டம். உ.வே. சாமிநாதையர் அங்கே 1871இல் சேர்ந்து 1876இல் பிள்ளை மறையும்வரை இருந்தார். அதே ஆசிரியரிடம் கிறிஸ்தவரான சவரிராயலு நாயக்கரும், நாகூர் குலாம் காதிர் நாவலரும், தியாகராச செட்டியாரும் பாடம் கேட்டவர்கள். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை. யாரிடம் பாடம் கேட்டவர் என்ற ஒரு வரிதான் சான்றிதழ். ஆனால் உ.வே.சா. முழு மாணவரானது அதற்குப் பிறகு என்று சொல்லத் தோன்றுகிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த ஆண்டே சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். கையில் சுவடி இருந்தும் சமணச் செய்திகள் பிடிபடவில்லை. கல்லூரியில் வகுப்பெடுத்துவிட்டு, ஊரிலிருந்த சமணக் குடும்பங்களைத் தேடிப் போய், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இந்தச் சடங்கு எப்படி நடக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. சம்பளம் வாங்கும் ஆசிரியர் இன்னொருவர் வீட்டில் போய் உட்கார்ந்து கேட்பதற்கு வெட்கப்படவில்லை.

சேர்க்கைக் கணக்குகளும் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண்கள் வெறும் 4,540. தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களை வெளியிட்டபோது பலரை வியக்க வைத்த செய்தி, தமிழ் வழங்கிய மாவட்டங்களில் சூத்திரர் என்று குறிக்கப்பட்ட பிள்ளைகளே பெரும்பான்மையாக இருந்தார்கள் என்பது. வியப்பு நியாயமானது; அதை வைத்துப் பொற்காலம் கட்டியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெண்களும் சேரியின் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏறியது அரிது என்பதற்கும் அதே ஆவணம்தான் சாட்சி. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளி என்று தனியாகத் திறக்க வேண்டியிருந்தது. கீழே வைக்கப்பட்டவன் கற்றவனானால் மேலே இருப்பவன் அவனிடம் போய்க் கற்பான் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரிலுள்ள புறநானூற்றுப் பாட்டு சொல்லி எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருந்தது.

பிறகு வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண்ணாகப் படித்த முத்துலட்சுமி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து மருத்துவராக வெளியே வந்தார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகல் உணவு தொடங்கியது. காமராஜர் 1956இல் அதை ஊர்ப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார், எம்.ஜி.ஆர். 1982இல் விரித்தார், 2022 முதல் காலை உணவும் வந்திருக்கிறது. எண்ணாயிரத்தின் ஆறு நாழி நெல் எல்லார் தட்டுக்கும் வந்து சேர ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

இடையே 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாளில் மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுவது. குயவரின் பிள்ளை தந்தையிடமும் மாணவன்தானே என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. கைத்தொழில் கற்பவரை மாணவராகப் பார்க்காதது நம் படிப்பாளிகளின் நோய். ஆனால் எதைக் கற்பது என்று முடிவாகிவிட்ட ஒருவனை மாணவன் என்பதில் பொருளில்லை. குயவரின் பிள்ளை தறி பழகவும், வக்கீலின் பிள்ளை சக்கரம் சுற்றவும் வழியிருந்தால் அது கல்வி. குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் திட்டம் போயிற்று. சரியாகத்தான் போயிற்று.

பிள்ளைகளாகப் பார்க்கப்பட்டவர்கள் ஓர் அணியாக மாறியது 1965இல். ஜனவரி 25 அன்று மதுரையில் தொடங்கிய இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். இரண்டு நாள் கழித்து அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். பள்ளிகளைத் திறந்தவரை மாணவர் ஒருவர் தோற்கடித்தது தமிழ்நாட்டு அரசியலின் விசித்திரங்களுள் ஒன்று. ‘மாணவர்’ என்பது அன்று முதல் கட்சிகள் அணி வைத்துக்கொள்ளும் சொல்லும் ஆயிற்று.

பாக் நீரிணைக்கு அப்பால் அந்தச் சொல் இன்னும் கனமானது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், வாலிபர் காங்கிரஸாகி, சாதி பேதத்தையும் காலனி ஆட்சியையும் எதிர்த்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் வந்த தரப்படுத்தல், மருத்துவப் படிப்புக்குச் சிங்கள மொழி மாணவரிடம் 400க்கு 229 மதிப்பெண்ணும் தமிழ் மொழி மாணவரிடம் 250ம் கேட்டது. படித்தால் மேலே வரலாம் என்று நம்பிய ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இது என்ன செய்தது என்பதை அடுத்த முப்பதாண்டு காட்டியது. தமிழ்நாட்டில் ‘முன்னாள் மாணவர்’ என்பதை அங்கே ‘பழைய மாணவர்’ என்பார்கள். டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் இன்றும் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளுக்குக் கட்டடம் எழுப்பித் தருகின்றன.

வயது வந்த பின் படிக்க வந்தவர்களை நாம் மாணவர் என்று சொன்னதே இல்லை. அறிவொளி இயக்கம் அவர்களைக் ‘கற்போர்’ என்றது. 1991இல் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் காலத்தில், எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் வயற்காட்டுப் பெண்களும் நேற்று தெரிந்துகொண்டதை இன்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லித் தந்தார்கள். சேர்க்கைப் பதிவேடு இல்லாத அந்தக் கூட்டம்தான் பவணந்தியாரின் கணக்குக்கு மிக நெருங்கி வந்தது.

இன்று அதிகம் கேட்கும் சொல் ‘தேர்வர்’. பள்ளிக்குப் போகாமல் எழுதினால் ‘தனித்தேர்வர்’, நீட்டை மறுபடி எழுதினால் ‘ரிப்பீட்டர்’. வகுப்பறைக்குள்ளே ‘படிப்ஸ்’, கடைசி வரிசைக்கு ‘மாப்பிள்ளை பெஞ்ச்’, பாக்கி வைத்தால் ‘அரியர்’. ஏறக்குறைய எல்லாமே தேர்வை ஒட்டி நிற்கும் பெயர்கள். இதற்கு மாற்று அந்தத் தேர்வர்களிடமே இருக்கிறது. மாவட்ட மைய நூலகத்தின் போட்டித் தேர்வுப் பிரிவுக்கு மாலையில் போய்ப் பாருங்கள். பொறியியல் முடித்தவரும் பி.எட். முடித்தவரும் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைக் குரூப் 4க்காகப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். உள்ளே பேசக்கூடாது என்பதால் படிக்கட்டில் ஐந்தாறு பேர். ஒருவர் கேள்வி கேட்கிறார், மற்றவர்கள் விடை சொல்கிறார்கள். போன முறை இரண்டு மதிப்பெண்ணில் விட்டவர்தான் அங்கே வாத்தியார். கணக்கைப் பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டுகிறார். அவருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. சொல்லித் தருவதால்தான் தனக்குப் பிடிபடுகிறது என்று அவர்களில் பலர் சொல்வார்கள்.

கடைசியாக, பெயர் சட்டமாகும் இடம். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. ஐ.டி.ஐ. முடித்த பையன் ஆலைக்குள் போகும்போது பழகுநர். பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலையை அதே ஷிப்டில் செய்தாலும் அவனுக்குச் சம்பளம் இல்லை, உதவித்தொகைதான். அரசு மருத்துவமனைகளில் பட்டமேற்படிப்பு மருத்துவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான்: இரவுப் பணிப் பட்டியலில் அவர்கள் டாக்டர்கள், உதவித்தொகையை உயர்த்தச் சொல்லி வெளியே உட்கார்ந்தால் மாணவர்கள். மாணவர் என்று அழைத்துக் குறைவாகக் கொடுப்பதில் தவறில்லை, அங்கே உண்மையில் யாராவது அவர்களுக்குப் பாடம் சொன்னால். ஓராண்டுப் பழகுநர் காலத்தில் அந்தப் பையனுக்கு எந்தெந்த எந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தோம் என்ற பதிவை ஆலை வைத்திருக்கிறதா, அதை ஆய்வாளர் வந்து பார்க்கிறாரா, பார்த்துக் குறையிருந்தால் என்ன செய்கிறார் என்பவைதான் இனி கேட்க வேண்டிய கேள்விகள். தொழிற்சங்கங்கள் இதுவரை அவர்களைத் தங்கள் ஆட்களாக எண்ணவில்லை. மாணவர் அமைப்புகளும் எண்ணவில்லை.